வாசலில் இரண்டு சிமெண்டு வாழை

திண்டுக்கல்லில் நான் நடத்திய சாப்பாட்டுக் கடை சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்தது. நடுவில் இருந்ததுதான் அதன் குறை. சந்தைக்கு வருகிறவர்கள் சந்தை வாசலிலேயே சாப்பிட்டுவிடுவார்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு இடத்திலும் சாப்பிட மறந்தவர்கள் என்னிடம் வருவார்கள். அப்படி மறக்கிறவர்கள் அதிகம் இல்லை.

நயா பைசா வந்து ஜனங்களுக்குப் பழகிப்போயிருந்த காலம் அது. கட்டடம் என் மாமாவுடையது, அதாவது என் மனைவியைப் பெற்ற அத்தாவுடையது. அவருக்கு ஊருக்கு வெளியே தோல் ஷாப் இருந்தது. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிர் நீக்கி, பதப்படுத்தி வெளியூருக்கு அனுப்புகிற தொழில். மாமா என்மேல் கோபப்பட்டதே கிடையாது. கடைக்கு வருவார், காலியாக இருக்கும் பெஞ்சுகளைப் பார்ப்பார், சுவரைக் கையால் தட்டிப் பார்ப்பார், போய்விடுவார். தோல் கட்டுகளை எந்த உயரம்வரை அடுக்கலாம் என்று அளக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு மாசி மாதம் அதை வாய்விட்டே சொன்னார்.

"மாப்ளே, பக்ரீத் வந்தா தோலு மலையாட்டம் குவிஞ்சிரும். வைக்க எடமில்ல. பெருநாளுக்கு முந்தி இந்தக் கடை ஒருநா, ஒரே ஒருநா, நெறைஞ்சு இருக்கறத என் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னா நீங்க பாட்டுக்கு நடத்துங்க. இல்லேன்னா இது தோல் கிட்டங்கி. நீங்க ஷாப்புக்கு வந்துருங்க. மேசை போட்டுத் தாரேன்."

நியாயமான பேச்சு. தோல் ஷாப் நாற்றத்தை மூக்கு பழகிக்கொள்ளும் என்று சொல்வார்கள். அங்கே சத்தம் போடாமல் எந்த வேலையும் நடக்காது என்பதுதான் எனக்குப் பயம். தோல் கொண்டுவருகிறவனோடு சத்தம், வண்டிக்காரனோடு சத்தம், தொட்டியில் நிற்கிறவனோடு சத்தம். நானோ என் நிக்காஹ் அன்று சம்மதம் சொன்னதே, ஓதிவைத்த அசரத்துக்குக் கேட்காமல், கொஞ்சம் உரக்கச் சொல்லும்படி சபையில் வைத்துக் கேட்டுக்கொள்ளப்பட்டவன். சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் பேச்சு தேவையில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் தாமாகவே எதிரில் வந்து நிற்பார்கள்.

என்னைப்போலவே தோல் ஷாப்புக்குப் பயந்தவர் இன்னொருவரும் இருந்தார். மாமாவின் மூத்த மகன், என் மச்சான். சுண்ணாம்பு வாசம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஷாப்புக்குள் போகாமல் இருப்பதற்காக ஷாப்பின் வெளியூர் வேலைகளையெல்லாம் தானே எடுத்துக்கொள்வார். அப்படி மெட்ராஸ் போய்விட்டு வந்தவர் நேரே என் கடைக்கு வந்தார்.

"மச்சான், அங்க ஒரு கண்காட்சி. அதுக்குள்ள ஒரு சாப்பாட்டுக் கடை. பாத்தா கடை மாதிரியே இல்ல. குடிசை போட்டு, சுவத்துல கோலம் எழுதி, வண்டிச் சக்கரத்தச் சாத்தி வச்சிருக்கான். கிராமத்து மொறையாம். சனம் அள்ளுது."

"நம்ம ஊருல எல்லாரும் குடிசையிலதான மச்சான் இருக்காக?" என்றேன்.

"அதனாலதான் நாம குடிசை போடக் கூடாது. நம்ம பக்கத்துச் சனம் எங்க ஒக்காந்தா சந்தோசமாச் சாப்பிடுது? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். "கல்யாண வீட்டுல" என்றேன்.

"அம்புட்டுத்தான்" என்று எழுந்துவிட்டார். அதுவரை நான் சொன்ன எதையும் யாரும் அவ்வளவு வேகமாக நிறைவேற்றியதில்லை.

மறுநாளே தண்ணீர்த் தொட்டி கட்டுகிற கொத்தனார் ஒருவர் வந்தார். வாசலின் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டவேண்டும். நிஜ வாழை வாடிவிடும் என்பதால் சிமெண்டு வாழை. கொத்தனார் வேலையை மதித்து விவரம் கேட்டார்.

"கொலையோடயா, கொலை இல்லாமயா?"

"கல்யாண வாழை எங்கயாச்சும் கொலை இல்லாம இருக்குமாண்ணே?"

"என்ன பழம்?"

மச்சான் கொஞ்சம் திணறி, "சிறுமலைப் பழம்" என்றார்.

"நல்லதாப் போச்சு. சின்னக் காயி. சிமெண்டு கம்மியாத்தான் பிடிக்கும்."

மரம் இரண்டும் தொட்டிபோலவே பருத்து வந்தன. பச்சை வர்ணம் பூசி, குலைக்கு மஞ்சளும் பூவுக்குச் சிவப்பும் அடித்த பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் வாழை என்று சொல்லிவிடலாம். வாசலுக்கு மேலே தென்னங்கீற்றுப் பந்தல். உள்ளே உத்தரத்துக்குக் கீழே சிவப்புக் கரை வைத்த வெள்ளைத் துணி விதானம். தரையைச் சிவப்புச் சிமெண்டில் மெழுகி, கோலத்தை வெள்ளைச் சிமெண்டில் பதித்தார்கள். பெஞ்சு மேசைகளையெல்லாம் மச்சான் ஒரு டீக்கடைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். இனிமேல் பந்திதான். நீளமாக ஜமுக்காளம் விரித்து, வரிசையாக உட்கார்ந்து இலையில் சாப்பிடவேண்டும். வாசலில் ஒரு சின்ன மேசை, அதில் சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு.

கல்லாவை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. கல்யாண வீட்டில் கல்லா கிடையாது. மச்சான் ஒரு நாள் முழுக்க யோசித்து, கல்லாவை மணமேடை ஆக்கிவிட்டார். நான்கு தூணுக்கும் ஜிகினாக் காகிதம் சுற்றி, நாடகக் கம்பெனிக்காரர்கள் விட்டுப்போன சிவப்பு வெல்வெட்டு நாற்காலி ஒன்றை நடுவில் போட்டு, என்னை அதில் உட்காரச் சொன்னார். தெருவில் போகிறவர்களுக்கு முதலில் தெரிவது நான்தான். எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

திறந்த அன்று சந்தை நாள். சீரகச் சம்பா பிரியாணி வாசம் தெருமுனைவரை போனது. சனங்கள் வந்தார்கள். வாழை மரத்தைப் பார்த்தார்கள், பந்தலைப் பார்த்தார்கள், மணமேடையில் என்னைப் பார்த்தார்கள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய் நடந்தார்கள். வேகமாகவும் நடந்தார்கள். எப்போதாவது சாப்பிட மறந்து வருகிற அந்தச் சிலரும்கூட அன்று வரவில்லை.

அடுத்த சந்தையும் அப்படியே போயிற்று. ஒரே ஒருவர் மட்டும் பந்தலுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னுமா முடியல?" என்று கேட்டுவிட்டுப் போனார். எது முடியவேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

மாமா வந்தார். பன்னீர் தெளிக்கப்போன பையனின் கையை விலக்கிவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார். "சுவரு கெட்டியாத்தான் இருக்கு" என்றார். போய்விட்டார்.

அதே வாரம் எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக என் மனைவியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா அழுதேவிட்டார். நான் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொள்வதாகவும், மாப்பிள்ளைக் கோலத்தில் தினமும் மேடையில் உட்கார்ந்திருப்பதாகவும், பெண் வீட்டார்தான் இன்னும் வந்துசேரவில்லை என்றும் ஊரில் பேச்சு.

மனைவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கடைக்கு வந்தாள். வாசலில் நின்று மேடையைச் சுற்றிலும் பார்த்தாள்.

"பொண்ணு எங்க?" என்றாள்.

"பொண்ணு இல்ல."

"அப்ப எறங்கி ஒக்காருங்க."

இறங்கி உட்கார்ந்தேன். ஆனால் கல்லாப்பெட்டி மேலே இருந்தது. அன்று அதைத் திறக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்து கத்திரிக்காய் பயிரிட்டுக் கொண்டுவருகிற சம்சாரி ஒருவர் எனக்கு இருந்த ஒரே வாடிக்கைக்காரர். எங்கே இருந்தாலும் என் கடைக்கு நடந்து வந்து, எலும்பாகப் பார்த்துப் போடச் சொல்லிச் சாப்பிடுவார். அவரும் எதிர்ச்சாரியில் போவதை இரண்டு சந்தை பார்த்தாயிற்று. மூன்றாவது சந்தையில் நானே சாலையைத் தாண்டி அவர் முன்னால் போய் நின்றேன். அவரே ஆரம்பித்தார்.

"வழிய விடுங்க ராவுத்தரே."

"ஏண்ணே, சாப்பிட வரலையா?"

"கூப்பிட்டீகளா?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது கட்டுறீக, மூணாவது கட்டுறீக, அது ஒங்க மொறை, நான் கேக்க ஆளில்ல. ஆனா எத்தன வருசமா ஒங்க கையில வாங்கித் திங்கிறேன்? வீட்டுல ஒரு விசேசம்னா ஒரு வார்த்த சொல்லணுமா வேணாமா? வெத்தல பாக்கு வைக்க வேணாம், வாயால ஒரு சொல்லு? வாசல்ல வாழைய நட்டுட்டு, கூப்பிடாத எடத்துக்கு வாசம் பிடிச்சுக்கிட்டு வந்து ஒக்காருவேன்னு நெனச்சீகளா?"

"கல்யாணம் இல்லண்ணே. கடைதான்."

"கடைன்னா வாழை எதுக்கு?"

"அழகுக்கு."

அவர் வாழையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் வாரது தப்பில்லதான். ஆனா பாக்குறவன் என்ன சொல்லுவான்? கூப்பிடாமப் போயித் தின்னான்னு என் ஊருக்காரன் சொல்லுவான். அவனுக்கு ஒவ்வொருத்தனுக்கா நான் போயி சிமெண்டு வாழைன்னு வெளக்கஞ் சொல்லிக்கிட்டுத் திரிய முடியுமா?" என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை வீட்டில் சொன்னேன். வாழையை இடித்துவிடலாம் என்றேன். பக்ரீத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இடித்தாலும் உட்காரப் பெஞ்சு இல்லை. மச்சான், 'அனைவரும் வருக' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார். அப்படி எல்லாக் கல்யாண வீட்டிலும் மாட்டியிருப்பார்கள் என்பதால், சந்தேகத்தோடு இருந்தவர்களுக்கும் அது கல்யாண வீடுதான் என்று உறுதியாகிவிட்டது.

மனைவிதான் முடிவாகச் சொன்னாள். "கூப்பிட்டாத்தான வருவாக? கூப்பிடுவோம்."

"யாரு கூப்பிடுறது?"

"வீட்டுக்காரங்கதான் கூப்பிடணும். புருசனும் பொஞ்சாதியுமா."

பக்ரீத்துக்கு முந்தைய கடைசிச் சந்தை. விடிந்ததும் தட்டில் வெற்றிலை பாக்கு, கல்கண்டு, சந்தனம் எல்லாம் வைத்துக்கொண்டு நாங்கள் சந்தைக்குள் போனோம். தட்டு என் கையில், வெள்ளைத் துப்பட்டியில் மனைவி எனக்குப் பின்னால். தக்காளி, கத்திரிக்காய், சோளம், பூ என்று ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால் நான் போய் நிற்பேன். நின்று தட்டை நீட்டுவேன். பின்னாலிருந்து அவள் என் முதுகில் ஒரு விரலை வைப்பாள். அப்போது எனக்கு வார்த்தை வரும்.

"மத்தியானம் நம்ம கடைக்குச் சாப்பிட வரணும். குடும்பத்தோட வரணும்."

"என்ன விசேசம்?"

"சாப்பாடுதான்."

"சாப்பாடு சரி. எதுக்கு?"

"பசிக்கு."

இதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. ஒரு பூக்காரம்மா மட்டும் "மொய் உண்டா?" என்று கேட்டார். மொய் இல்லை, விலை உண்டு என்று மனைவி பின்னாலிருந்து சொன்னாள். "அது ஒண்ணும் தப்பில்ல, மொய்யின்னா திருப்பிச் செய்யணும்" என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார். கத்திரிக்காய்க்காரர் எழுந்து நின்று, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் வெட்கம் என்று நினைக்கிறேன். எனக்கும்தான்.

மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். ஒன்றாகவே வந்தார்கள். சிலர் குளித்துவிட்டு வந்தார்கள். சந்தனம் பூசிக்கொண்டு, கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பந்தி நிறைந்தது. மிச்சப் பேர் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றார்கள். கல்யாண வீட்டில் நடக்கிற எல்லாமே நடந்தது. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றால் எல்லோரும் இலைக்குமேல் கையை மறைத்து, "போதும் போதும்" என்றார்கள். கேட்டு வாங்குவது கௌரவம் இல்லையாம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்காமல் விட்ட இலைக்காரர்கூட வாய் திறக்கவில்லை. சாப்பிட்டவர்களும் எழுந்திருக்கவில்லை. பந்தியில் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. நான் கல்லாவுக்காக மறுபடியும் மேடையில் உட்கார்ந்து, மாமா எப்போது வருவார் என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தார். எதிர்ச்சாரியில் நின்றார். கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மச்சான் ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வரமாட்டேங்குறாரு. திரும்பியும் பாக்க மாட்டேங்குறாரு."

"ஏன்?"

"சந்தை பூராவும் வெத்தல வச்சீகளாம். அவருக்கு வைக்கலையாம்."

நான் மேடையை விட்டு இறங்கிச் சாலைக்குப் போனேன்.

"மாமா, இது ஒங்க கட்டடம். ஒங்க மக கடை."

"கட்டடம் என்னோடதுதான். விருந்து ஒங்களதுல்ல?" அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார். "கூப்பிடாத விருந்த எட்டிப் பாக்குற பழக்கம் எங்க குடும்பத்துல கெடையாது மாப்ளே. சாயங்காலம் வாரேன். அப்ப பாக்குறேன்."

சாயங்காலம் கடையில் ஈகூட இருக்காது. உள்ளே எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கத்திரிக்காய்க்காரர் மட்டும் ஒரு நல்லி எலும்பைக் கையில் வைத்திருந்தார். அதை அவர் முடித்துவிட்டால் பந்தி எழுந்துவிடும். நான் கொல்லைக்கு ஓடி மனைவியைக் கூப்பிட்டேன். தட்டில் வெற்றிலை தீர்ந்திருந்தது. பந்தியில் ஒருவர் தான் வாங்கி மடியில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் சாலையைக் கடந்து மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றோம். அவர் மெதுவாகத் திரும்பினார். முகம் எங்கள் பக்கம், கண் தட்டின்மேல்.

முதுகில் விரல் வந்தது.

"சாப்பிட வரணும்" என்றேன்.

"கேக்கல மாப்ளே. வண்டிச் சத்தம்."

"மாமா! குடும்பத்தோட! சாப்பிட! வரணும்!"

நான் அவ்வளவு சத்தம் போட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பந்தலுக்குள்ளிருந்து கத்திரிக்காய்க்காரர் "அடேயப்பா" என்றது தெளிவாகக் கேட்டது. தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா வெற்றிலையை எடுத்துக்கொண்டார். செருப்பை விட்டு, சந்தனம் பூசி, பன்னீருக்குத் தலையைக் காட்டி உள்ளே வந்தார். சுவரைத் தொடவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். வரிசையில் ஒரு இடமும் காலி இல்லை. கடைசியில் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். இலை போட்டோம்.

மாமாவுக்குப் பல் குறைவு. ஒவ்வொரு துண்டையும் ஆற அமர மென்றுதான் விழுங்குவார். அவர் சாப்பிட ஆரம்பித்துவிட்டதால், முடித்தவர்கள் யாரும் எழ முடியவில்லை. இலையில் கை காய்ந்துபோய் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வத்தலக்குண்டு பஸ்ஸு போயிருக்கும்" என்றார் ஒருவர், யாரையும் குறிப்பிடாமல்.

"போனாப் போகுது. பெரியவரு சாப்பிடட்டும்" என்றார் கத்திரிக்காய்க்காரர். அவர் எலும்பை இன்னும் கீழே வைக்கவில்லை.

பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னபோதுதான் மாமா இலையை மடித்தார். அதுவரை கடை நிறைந்தே இருந்தது. கை கழுவிவிட்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நெறைஞ்சுதான் இருக்கு. நடத்துங்க" என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "ஏலே, சிமெண்டுல வாழை கட்டத் தெரிஞ்சவனுக்குக் கிட்டங்கி கட்டத் தெரியாதா? நாளைக்கு ஷாப்புக்கு வா. பெருநாத் தோலுக்கு ஒரு எடம் கட்டு."

மச்சான் போனார். கட்டி முடித்த பிறகும் அவரை அங்கிருந்து விடவில்லை. அவருக்காக நான் வருத்தப்பட்டேன். அவருக்குப் பதிலாகப் போகிறேன் என்று சொல்லும் அளவுக்கு வருத்தப்படவில்லை.

அடுத்த சந்தைக்கு மறுபடியும் ஒருவரும் வரவில்லை. போன சந்தைக்கு வைத்த வெற்றிலை போன சந்தையோடு சரியாம். இந்தச் சந்தைக்கு யார் கூப்பிட்டது? மனைவி தட்டைத் துடைத்து, புது வெற்றிலையை அடுக்கி, என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு கடை இருந்தவரை, சந்தைக்குச் சந்தை நான் தட்டோடு போனேன். குரல் கடைசிவரை ஏறவே இல்லை. நாளாக நாளாக அவர்கள்தான் பழகிக்கொண்டார்கள். குவியலுக்கு முன்னால் போய் நான் வாயைத் திறப்பதற்குள், "வாரோம், வாரோம், போயி இலையப் போடுங்க" என்று அவர்களே வெற்றிலையை எடுத்துக்கொள்வார்கள்.